ம் கொட்டும் சுவர்

கதை கேட்கிறவர்கள் இடையில் கொட்டுவார்களே, அந்த மாதிரி ஒரு ‘ம்’. அவ்வளவுதான் அது. உரக்கவும் இல்லை, பயமுறுத்துகிற மாதிரியும் இல்லை. ‘கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், மேலே சொல்’ என்று மூக்கிலிருந்து வருகிற சின்ன ‘ம்’. ஆனால் அறையில் சின்னவளைத் தவிர வேறு யாரும் இல்லை. வீட்டிலேயே யாரும் இல்லை.

மடிக்கணினிக்கு மேலே தூக்கிய விரல்களை அப்படியே நிறுத்திக்கொண்டு அவள் காது கொடுத்தாள். மின்விசிறி சுற்றுக்கு ஒரு தடவை ‘டக்’ என்றது; அது எப்போதும் சொல்வதுதான். சமையலறையில் ஃப்ரிட்ஜ் பெருமூச்சு விட்டு அடங்கியது. மேல்வீட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் இறங்கி, சுவருக்குள்ளேயே எங்கோ வளைந்து கீழே போனது. தெருவில் யாரோ பைக்கை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள், அது கிளம்ப மாட்டேன் என்றது. ஒவ்வொரு சத்தத்தையும் இன்னது என்று அடையாளம் கண்டு ஓரமாக ஒதுக்கிக்கொண்டே வந்தாள். கடைசியில் அந்த ‘ம்’ மட்டும் ஒதுக்க இடம் கிடைக்காமல் நின்றது.

குழாயாகத்தான் இருக்கும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஏனோ அதை வாய்விட்டுச் சொல்லத் தோன்றவில்லை.

சின்னவள் சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு ஒரு பக்கம், வலைப்பூ ஒரு பக்கம். ‘அரை டம்ளர்’ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். பேருந்தில் பார்த்தது, துணி காயப்போடும்போது தோன்றியது, தன் வகுப்புக்கே வாய்தா வாங்கிக்கொண்டு போகிற பேராசிரியரின் அலும்பு என்று எதையாவது எழுதுவாள். படிக்கிற கூட்டம் பெரியது என்று சொல்ல முடியாது. ஆனால் எழுதியவுடன் ஓடிவந்து படிக்கிற கூட்டம். அவர்களில் ஒருவர், ‘நீங்க எப்படி எழுதறீங்க? உங்க பழக்கமெல்லாம் கொஞ்சம் சொல்லுங்களேன்’ என்று கேட்டிருந்தார். அன்றைய பதிவு அதற்கான பதில்.

பழக்கம் என்று சொல்ல அவளிடம் நிறையவே இருந்தது. அரை டம்ளர் டீ போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள், குடிக்க மாட்டாள். அது ஆறி ஆடை கட்டுவதற்குள் முதல் பத்தி முடிந்தாக வேண்டும். தலைமுடியைச் சுருட்டிப் பேனாவைச் செருகிக்கொள்வாள். சன்னல் பக்கம் உட்கார்ந்தால் தெருவே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதால் மேசையைச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தாள். வெறும் வெள்ளைச் சுவர். படம் இல்லை, ஆணிகூட இல்லை. அந்தச் சுவரைப் பார்த்து ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் வாயால் சொல்லிப் பார்ப்பாள். நாக்கு இடறினால் மாற்றுவாள், மறுபடி சொல்வாள், இடறாமல் வழுக்கிக்கொண்டு போகும்வரை சொல்வாள். அதற்கப்புறம்தான் தட்டுவாள். இப்படி முணுமுணுத்தே எழுதுவதால் அக்கா அவளுக்கு ‘முணுமுணு’ என்று பெயர் வைத்திருந்தாள்.

அந்த விஷயத்தைத்தான் அன்றைக்குச் சுவரிடம் சொல்லிப் பார்த்தாள். “என்னுடைய முதல் வாசகர் என் அறைச் சுவர்தான். அதனிடம் சொல்லாமல் நான் ஒரு வரியும் எழுதுவதில்லை.”

அப்போதுதான் அந்த ‘ம்’ வந்தது.

அக்கா வேலை முடிந்து வந்தபோது வீட்டில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

“என்னடி இது, உள்ளே சினிமா எடுக்கறாங்களா?” என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

“சும்மாதான்க்கா.”

“சும்மான்னா ஒரு லைட்டு எரியும். இது சும்மா மாதிரி தெரியலையே.”

அக்காவுக்கு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் கையைப் பிடித்து, ‘வேற பக்கம் பாருங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்’ என்று சொல்லிச் சொல்லி, பொய்யை நம்பும்படி சொல்வது அவளுக்குக் கைவந்த கலை. அம்மா போன பிறகு சின்னவளுக்கும் அதே வார்த்தைகளைத்தான் சொன்னாள். சின்னவளும் நம்பினாள். அவளுக்கு அக்காவை விட்டால் ஆள் இல்லை, அக்காவுக்கும் அப்படித்தான்.

அன்றைக்குச் சின்னவள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அக்கா சிரிப்பாள். சிரித்தால் பயம் போய்விடும்தான். ஆனால் பயம் இருந்த இடத்தில் இன்னொன்றும் இருந்தது, அதையும் சேர்த்து அக்கா சிரித்துவிடுவாளோ என்று தோன்றியது. அந்த ‘ம்’ வந்த வாக்கியம் நல்ல வாக்கியம். அது அவளுக்குத் தெரியும்.

மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். எல்லா வாக்கியத்துக்கும் வரவில்லை என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டாள். சொத்தையான வாக்கியத்தைச் சொன்னால் சுவர் சும்மா இருந்தது. மாற்றிச் சொன்னாலும் சும்மா இருந்தது. மூன்றாவது நான்காவது தடவை, எங்கிருந்தோ சரியான சொல் வந்து உட்கார்ந்ததும், அவள் பேசி முடித்த அந்த நொடியின் விளிம்பில், முகத்துக்கு நேராக, ‘ம்’. கழுத்துக்குப் பின்னால் முடி குத்திட்டு நிற்கும். இருந்தும் விரல்கள் தானாகத் தட்டத் தொடங்கும். இருட்டுகிற நேரத்தில் மேசை விளக்கின் வட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, நாற்காலிக்குப் பின்னால் இருக்கிற அறையைத் திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல், அதே சமயம் அந்த ஒற்றை எழுத்துக்காக நாய்க்குட்டி மாதிரி ஏங்கிக்கொண்டு, சின்னவள் எழுதினாள். அவ்வளவு நன்றாக அவள் எழுதியதே இல்லை. படிக்கிறவர்கள் கூடினார்கள். ‘உங்க எழுத்துல ஏதோ மாற்றம்’ என்று சொன்னார்கள்.

சுவரில் கறை வந்ததை முதலில் பார்த்தது அக்கா.

“ஏய், இங்க வந்து பாரு. ஈரம் கசியுது.”

மேசைக்கு மேலே, உட்கார்ந்தால் சின்னவளின் வாய்க்கு நேராக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கல். கண்ணாடியில் ஊதினால் படிகிற மூச்சு மாதிரி. அக்கா விரலால் தொட்டுப் பார்த்து, விரலை முகர்ந்து, முகத்தைச் சுளித்தாள். “தூங்கி எந்திரிச்ச வாய் மாதிரி நாறுது. மேல்வீட்டுக் குழாய்தான் எங்கேயோ உடைஞ்சிருக்கு.”

வீட்டுக்காரரிடம் சொன்னதும் அவர் ஒரு பெயின்டரை அனுப்பினார். விடுமுறை நாள், பட்டப்பகல். அக்கா கடைக்குப் போயிருந்தாள். பெயின்டர் மேசையை நகர்த்திவிட்டுச் சுரண்ட ஆரம்பித்தார். சின்னவள் கூடத்தில் உட்கார்ந்து பாடப்புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். சரக், சரக் என்று சுரண்டுகிற சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. நின்றது. மறுபடி வந்தது. நின்றது.

பெயின்டர் வெளியே வந்தார். முகமெல்லாம் சுண்ணாம்புத் தூள், அதில் வியர்வை கோடு கோடாக இறங்கியிருந்தது.

“பாப்பா, வேலை செய்யும்போது காதுகிட்ட வந்து பேசாதீங்க.”

“நான் இங்கேயேதான் இருக்கேன்ணே. எந்திரிக்கவே இல்லையே.”

அவர் அவளைப் பார்த்தார். மடியில் விரித்த புத்தகத்தைப் பார்த்தார். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரு வீடு?”

“அந்தப் பக்கம் வீடே இல்லைண்ணே. வெளிச்சுவர் அது.”

மூன்றாவது மாடி. பால்கனியும் கிடையாது. பெயின்டர் மெதுவாகத் தன் சாமான்களைப் பையில் போட ஆரம்பித்தார்.

“என்ன பேசினாங்க?” என்று கேட்டாள் சின்னவள்.

“பேசலை. கேட்டுச்சு.” அவர் பையின் வாயைக் கட்டினார். “‘அப்புறம்?’னு கேட்டுச்சு.”

சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவர் வரவே இல்லை.

அதன் பிறகு சின்னவள் அந்த அறையில் எழுதுவதை நிறுத்தினாள். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அரை டம்ளர் டீ வைத்தாள், பேனாவைக் கொண்டையில் செருகினாள், எல்லாம் செய்தாள். ஒரு வரி வரவில்லை. கல்லூரி நூலகத்தில் முயன்றாள். அங்கே முணுமுணுத்தால் நூலகர் முறைத்தார். முணுமுணுக்காவிட்டால் எழுத்து வரவில்லை. டீ ஆறியது, ஆடை கட்டியது. ‘என்ன ஆச்சு, ஆளையே காணோம்?’ என்று படிக்கிறவர்கள் கேட்டார்கள். ஒரு வாரம் தாக்குப்பிடித்தாள். அப்புறம் ஒரு சாயங்காலம், யாரும் சொல்லாமலே, கால்கள் அவளை அறைக்குள் கொண்டுபோய் உட்காரவைத்தன. பாதி சுரண்டிய சுவர் சாம்பல் நிறத்தில், ஆறாத புண் மாதிரி எதிரே இருந்தது.

“பேருந்தில் யாரோ ஒரு அம்மா என் தோளில் தூங்கிவிட்டார்” என்று ஆரம்பித்தாள்.

“அப்புறம்?”

ஆண் குரலா, பெண் குரலா என்று சொல்ல முடியவில்லை. வயதும் தெரியவில்லை. வாய் நிறைய ஈரத் துணியை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. எழுந்து ஓட வேண்டும் என்று உடம்பு சொன்னது. நாக்கு அதற்குள் பதில் சொல்லிவிட்டது.

“அவர் தலை என் தோளில் கனமாக இருந்தது.”

“நம்பிக்கையாக” என்று திருத்தியது சுவர்.

சின்னவளுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. சரியான சொல். ஆயிரம் தடவை முயன்றாலும் அவளுக்குக் கிடைத்திருக்காது. ‘அவர் தலை என் தோளில் நம்பிக்கையாக இருந்தது.’ தட்டினாள். பதிவிட்டாள். அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துச் சொல்லி எத்தனையோ பேர் பாராட்டினார்கள்.

மறுநாள் கல்லூரியில் மாதிரி நீதிமன்றம். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வந்து மேடையில் உட்கார்ந்திருந்தார். நகைக்கடை ஊழியர் ஒருவர் முதலாளி ஒப்படைத்த நகையை அடகு வைத்துவிட்டதாக வழக்கு. அரசுத் தரப்பில் சின்னவள். இரண்டு வாரமாகப் பாடம் செய்த வாதம். கறுப்பு அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

“கனம் நீதிபதி அவர்களே, எதிரி செய்திருப்பது வெறும் திருட்டு இல்லை. இது குற்றமுறு...”

அடுத்த சொல் வரவில்லை. மறதி இல்லை அது. சொல் என்னவென்று தெரியும். எழுத்து எழுத்தாகத் தெரியும். நாக்கு அதை எடுக்கப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. பல் பிடுங்கிய இடத்தில் நாக்கு போய்த் துழாவுமே, அந்த மாதிரி ஒரு வழவழப்பான குழி.

“என்ன மோசடி? சொல்லும்மா” என்றார் பேராசிரியர்.

“குற்றமுறு...”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சின்னவள் காகிதத்தில் ‘நம்பிக்கை மோசடி’ என்று எழுதிப் பக்கத்திலிருந்த தோழியிடம் நீட்டினாள். அவள் வாசித்தாள். சின்னவள் உட்கார்ந்தாள். கைகள் வேர்த்து, அங்கியில் ஒட்டின.

வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. ‘ம்’ என்று சொல்லிப் பார்த்தாள். உதடு மூடியது, சத்தம் எழவில்லை. ‘அப்புறம்’ என்று சொல்லப் பார்த்தாள். வெறும் காற்று. சுவர் சொன்னது எல்லாம் சுவருக்கே போய்விட்டிருந்தது.

அன்றோடு சரி. இனி அந்த அறையில் வாயைத் திறப்பதில்லை. கதவைச் சாத்தினாள். கூடத்தில் அக்காவோடு படுத்துக்கொண்டாள். ‘உன் குறட்டைக்கு நான் எங்கே போறது’ என்று அக்கா அலுத்துக்கொண்டே இடம் விட்டாள்.

நாலைந்து நாள் கழிந்திருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னாள்:

“நேத்து நீ படிச்சது ரொம்ப நல்லா இருந்துச்சுடி.”

சின்னவள் நிமிர்ந்தாள்.

“நான் வந்தப்போ உள்ளே கதவைச் சாத்திக்கிட்டு படிச்சிட்டு இருந்தியே. தொந்தரவு பண்ண வேணாம்னு கதவுகிட்டயே நின்னு கேட்டேன். கால் வலிச்சுது, ஆனா நகர மனசு வரலை. எப்போ மொட்டை மாடிக்குப் போனே? திரும்பிப் பார்த்தா துணிக் கூடையோட வாசல்ல நிக்கறே.”

நேற்று அந்த நேரம் முழுவதும் சின்னவள் மாடியில்தான் இருந்தாள். துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

“என் குரலா அது?” என்று கேட்டாள்.

“வேற யாரு குரலு?” என்று சிரித்தாள் அக்கா. “கொஞ்சம் இனிப்பா இருந்துச்சு. பரவாயில்லையே, முணுமுணுவுக்கு நல்லாக்கூட படிக்க வருமான்னு நினைச்சேன்.”

அதற்குப் பிறகு சொற்கள் வேகமாகப் போயின. அவள் பேசாவிட்டாலும் சுவர் பேசியது. சாயங்காலம் ஆனால் சாத்திய கதவுக்குப் பின்னால், அவளுடைய குரலில், அவளுடைய ஏற்ற இறக்கத்தில், வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிப் பார்க்கும். இடறினால் நிற்கும். மாற்றிச் சொல்லும். இடறாமல் வழுக்கிக்கொண்டு போகும்வரை சொல்லும். அவளுடைய பழக்கம். அவள் காதைப் பொத்திக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருப்பாள். காலையில் எழுந்து பார்த்தால் இன்னும் சில சொற்கள் காணாமல் போயிருக்கும். தண்ணீர் கேட்க முடியவில்லை. பேருந்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயரைச் சொல்ல முடியவில்லை.

அக்கா பதறிப்போய் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அவர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். “எல்லாம் சுத்தமா இருக்கு. படிப்பு டென்ஷன். கொஞ்ச நாள் பேசாம ரெஸ்ட் எடுக்கட்டும்” என்றார்.

பேசாமல்!

அன்று சாயங்காலம் அக்கா வருவதற்கு முன்னால், கதவுக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு சொல் வந்தது.

“அக்கா.”

சின்னவள் மூச்சைப் பிடித்தாள்.

“அக்கா.” கொஞ்சம் செல்லமாக. “அக்கா?” கேள்வியாக. “அக்கா!” பயந்து கூப்பிடுகிற மாதிரி. கடைசியாக, சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது அவள் கூப்பிட்ட மாதிரி, மெல்ல இழுத்து, “அக்...கா”. அது சரியாக வந்துவிட்டது போலிருக்கிறது. அதற்கப்புறம் சத்தம் இல்லை.

அக்கா உள்ளே வந்தபோது சின்னவள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். கூப்பிட வாயைத் திறந்தாள். அந்தக் குழிதான் இருந்தது. கண்ணீர் மட்டும் கொட்டியது.

கைபேசியை எடுத்து மளமளவென்று தட்டினாள். சுவர், ‘ம்’, பெயின்டர், போன சொற்கள், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதி அக்காவிடம் நீட்டினாள். அக்கா நின்றுகொண்டே படித்தாள். படிக்கப் படிக்க அவள் கண் விரிந்தது. முடித்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“யம்மாடி! புதுக் கதையா? குலை நடுங்குதுடி. இதைப் போடு, பிச்சிக்கிட்டுப் போகும்.”

சின்னவள் தலையை வேகமாக ஆட்டினாள். இல்லை, இல்லை. அக்காவின் கையைப் பிடித்து அறைப் பக்கம் காட்டினாள்.

“நடிப்பு வேறயா? பேசக் கூடாதுன்னாரே டாக்டர், அதுக்குள்ள இப்படி ஒரு கதையா? கெட்டிக்காரிதான் போ.” கன்னத்தைக் கிள்ளினாள். பிறகு சின்னவளின் முகத்தை இன்னொரு தடவை பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் மங்கியது. “சரி, அந்த ரூம் ஈரம்தான் உனக்கு ஒத்துக்கலைன்னு நினைக்கறேன். பரீட்சை முடியட்டும், வேற வீடு பாத்துக்கலாம். சரியா?”

பரீட்சை முடியும்வரை! சின்னவளிடம் அவ்வளவு சொற்கள் மிச்சம் இல்லை.

மறுநாள் அக்கா வேலைக்குக் கிளம்பியதும் அறைக்குள் போனாள். வெளிச்சம் இருக்கும்போதே போனாள். கறை இப்போது கதவு அகலத்துக்கு வளர்ந்திருந்தது. சுவரைப் பார்க்காமலே வேலை செய்தாள். மேசையை இழுத்து ஓரமாக நகர்த்தினாள். எதிர்மூலையில் இருந்த இரும்பு பீரோவின் பின்னால் முதுகைக் கொடுத்து, காலைத் தரையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகத் தள்ளிக்கொண்டுபோய்ச் சுவரோடு சேர்த்து ஒட்டினாள். இடுக்கில் போர்வை, பழைய சேலை, தலையணை என்று கையில் கிடைத்ததையெல்லாம் திணித்தாள். உள்ளேயிருந்து எதுவோ, மெத்தையை அமுக்கினால் காற்று போகுமே, அப்படி ஒரு தடவை ‘ப்பூ’ என்றது. அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் சத்தம் இல்லை. இருட்டியது, சத்தம் இல்லை. அக்கா வந்தாள், சாப்பிட்டார்கள், படுத்தார்கள். சின்னவள் பல நாளுக்குப் பிறகு தூங்கினாள். காலையில் பல் தேய்க்கும்போது, வாயில் நுரையோடு, ‘தண்ணி’ என்று வந்தது. வந்தேவிட்டது! கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அக்காவை எழுப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும் என்று ஓடினாள். அக்கா காலை ஷிப்டுக்குக் கிளம்பிப் போயிருந்தாள். சரி, சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம்.

அன்றைக்கென்று பார்த்து மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் கல்லூரியிலிருந்து திரும்பும் பேருந்து ஊர்ந்தது. சின்னவள் சன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, திரும்பி வந்த சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். தண்ணி. குடை. செருப்பு. பாலம் தாண்டும்போது குடை வரவில்லை. கடைத்தெரு வந்தபோது செருப்பு வரவில்லை. கடைசியில் தண்ணியும் போனது.

இறங்கி ஓடினாள்.

மூன்று மாடியும் மூச்சிரைக்க ஏறினாள். வீட்டுக் கதவு திறந்திருந்தது. அக்காவின் செருப்பு ஒன்று வாசலில், இன்னொன்று கூடத்தின் நடுவில். கழற்றக்கூட நேரமில்லாமல் உதறிவிட்டு ஓடின மாதிரி. விளக்கு எதுவும் எரியவில்லை. ஈரச் சுண்ணாம்பு வாடை. அதோடு சேர்ந்து இன்னொரு வாடை. வெதுவெதுப்பானது. தூங்கி எழுந்த வாய்.

அறையிலிருந்து அவள் குரல் கேட்டது.

படித்துக்கொண்டிருந்தது. நிதானமாக, இனிப்பாக, எங்கேயும் இடறாமல். தன் குரல் இவ்வளவு அழகு என்று அவளுக்குத் தெரியாது.

சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கூடத்துச் சுவர். கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

அறை வாசல்.

பீரோ நடு அறையில் நின்றது. அதன் கதவு திறந்துகிடக்க, உள்ளே துணியெல்லாம் அப்படியே இருந்தன. அந்தக் கனத்தோடு அக்கா இழுத்திருக்கிறாள். தரையில் நீளமான கீறல்கள். பீரோவின் விளிம்பில் இரத்தம். கீழே ஒரு நகம், முழுசாக.

சுவரை ஒட்டி நாற்காலி. நாற்காலியில் அக்கா.

வேலைக்குப் போன உடுப்பிலேயே இருந்தாள். ஒரு பக்கக் கன்னத்தைச் சுவரில் சாய்த்திருந்தாள். மடியில் தலைவைத்துக் கதை கேட்கிற குழந்தையின் முகம். கண் பாதி மூடியிருந்தது. விரல்களிலிருந்து இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது, அவளுக்கு அது தெரியவில்லை.

சின்னவள் அவள் தோளைத் தொட்டாள்.

அக்காவின் தலை அசையவில்லை. கண்கள் மட்டும் திரும்பின. சின்னவளை மேலும் கீழும் பார்த்தன. வீடு மாறி வந்துவிட்ட ஒருவரைப் பார்க்கிற பார்வை. கோபம் இல்லை, அன்பும் இல்லை. வெறும் மரியாதை.

“கொஞ்சம் சத்தம் போடாம இருங்க” என்றாள் அக்கா மெதுவாக. “என் தங்கச்சி எழுதிட்டு இருக்கா.”

சின்னவள் வாயைத் திறந்தாள்.

ஒன்றுமில்லை.

அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். தோளைப் பிடித்து இழுத்தாள். உடம்பு வந்தது. முகம் வரவில்லை.

அப்போதுதான் பார்த்தாள். சுவர் குழிந்திருந்தது. அக்காவின் கன்னத்துக்கு ஏற்ற மாதிரி, தலையணை குழிவதுபோல. காது தெரியவில்லை. காது இருந்த இடத்தில் ஈரமான சாம்பல் நிறச் சுவர், மெல்ல, மிக மெல்ல, உதடு மூடுவதுபோல அவள் முகத்தின்மேல் மூடிக்கொண்டு வந்தது. உள்ளேயிருந்து சின்னவளின் குரல் அடுத்த வரியைச் சொன்னது. அக்காவுக்கு அது பிடித்திருக்க வேண்டும். வெளியே மிச்சமிருந்த பாதி வாய் சிரித்தது.